கேட்டால் கிடைக்கும் கப்பல் சாப்பாடு

விடுமுறையில் சொகுசுக் கப்பலில் போகவிருக்கும் வாசகர்கள் இந்த முறை சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். நான் தூத்துக்குடிக்காரன். பயணிகள் கப்பல்களின் சமையலறையில், பெரும்பாலும் காய்கறிப் பிரிவிலும் பத்திய உணவுப் பிரிவிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்லன். மருந்தின் அளவு, வேளை பற்றியதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தட்டில் என்ன வரும், வேண்டியதை எப்படி வரவழைப்பது என்பதை நான் சொல்கிறேன்.

என் கணவருக்கு 61 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை. மாத்திரையோடு இன்சுலினும் போடுகிறார். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் கப்பலில் மகன் டிக்கெட் எடுத்துவிட்டான். நாள் முழுவதும் சாப்பாடு கிடைத்துக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.
– வாசகி, திருச்சி

உங்கள் பயம் நியாயமானது, சகோதரி. ஆனால் பஃபேதான் கப்பல் சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். மேல்தளத்தில் பஃபே இருக்கும். கீழே பெரிய டைனிங் ஹால் ஒன்று இருக்கும். அங்கே மேசையில் உட்கார்ந்தால் வெயிட்டர் வந்து கேட்டுப் பரிமாறுவார். அதுவும் டிக்கெட் பணத்திலேயே சேர்த்திதான். நம்மவர்களில் பலர் அது ஏதோ கோட்டு சூட்டுக்காரர்களுக்கான இடம் என்று ஒதுங்கிப்போய், எல்லா வேளையும் பஃபேயிலேயே சாப்பிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு டைனிங் ஹால்தான் ஏற்ற இடம். முழங்கால் தெரியாத பேன்ட்டும் காலர் வைத்த சட்டையும் சாதாரண நாட்களுக்குப் போதும்; உங்களுக்குச் சேலை எந்த இரவுக்கும் பொருந்தும்.

அங்கே ஏன் வசதி என்றால், சமையலறையில் மீனையும் கோழியையும் வாட்டி எடுத்து, தட்டில் வைத்து, சாஸைக் கடைசியில்தான் ஊற்றுகிறோம். "சாஸ் தனியாகக் கொடுங்கள்" என்று நீங்கள் சொன்னால் எங்களுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. காய்கறியை ஆவியில் வேகவைத்த பிறகு பளபளப்புக்காக வெண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டுவது வழக்கம். "வெண்ணெய் இல்லாமல்" என்றால் புரட்டாமலே அனுப்புவோம். உருளைக்கிழங்கு மசியலுக்குப் பதிலாக இன்னொரு பங்கு காய்கறி கேளுங்கள். தினமும் மாறும் மெனுவோடு எந்த நாளும் கிடைக்கும் சில பதார்த்தங்களும் அட்டையில் இருக்கும். வாட்டிய மீன், தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி போன்றவை பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கும். முதல் நாள் இரவே ஹெட் வெயிட்டரைப் பார்த்து, கணவருக்குச் சர்க்கரை என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் மெனுவை முன்கூட்டியே காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வார்.

ஒரே ஒரு ஆபத்து அங்கே உண்டு. இரவுச் சாப்பாடு ஒவ்வொரு பதார்த்தமாக வருவதால் ஒன்றரை மணி நேரம் வரை இழுக்கும். வீட்டில் மாத்திரை போட்டவுடன் தட்டு முன்னால் வந்துவிடும். இங்கே கேபினிலேயே மாத்திரையை விழுங்கிவிட்டோ, சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைப் போட்டுக்கொண்டோ வந்து உட்கார்ந்தால், சாதமோ ரொட்டியோ வருவதற்குள் சர்க்கரை இறங்கிப்போகும். கை நடுங்கி, வியர்த்து, மேசையிலேயே சாய்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்தை மேசைக்கே கொண்டுவரலாமா, எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். சர்க்கரை தாழ்ந்தால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி. கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. இது பொதுவான முறை.

சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் எந்த நேரத்தைக் கடைப்பிடிக்கிறது என்று வரவேற்பு மேசையில் கேட்டு, அதன்படி ஊசி வேளையை அமைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினைக் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டியை ஒப்படைத்தால் கேபினுக்கு வந்து சேர மாலை ஆகிவிடும். கேபினில் இருக்கும் சின்னக் குளிர்பெட்டி பல கப்பல்களில் பானத்தைச் சில்லென்று வைக்க மட்டுமே போதும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஏறும் முன்பே எழுதிக் கேட்டால் மருந்துக்கான குளிர்பெட்டி ஏற்பாடு செய்வார்கள், அல்லது மருத்துவ அறையில் வைத்துத் தருவார்கள்.

பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் நிற்கும். அங்கிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா நடந்துபோகும் தூரம்தான். 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்திலேயே வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாம். சாதத்தை ஒரு முறையோடு நிறுத்தி, கூட்டையும் பொரியலையும் இரண்டாம் முறை கேளுங்கள். தே தாரிக் என்னும் பால் தேநீர் வேண்டாம், முழுக்க இனிப்பூட்டிய கெட்டிப்பால். "தே ஓ கோசோங்" என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வரும்.

நானும் மனைவியும் முட்டைகூடச் சேர்க்காத சைவம். மத்தியதரைக் கடலில் ஒரு வாரம் கப்பல் பயணம். ரொட்டியும் பழமும் தின்றே காலம் தள்ள வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

சொல்லாமல் போனால் உண்மை. சொல்லிவிட்டுப் போனால் இல்லை, ஐயா.

ஒரு கப்பல் புறப்படும் துறைமுகத்தில்தான் அந்தப் பயணத்துக்கான அரிசி, பருப்பு, காய், பால் எல்லாவற்றையும் லாரி லாரியாக ஏற்றுகிறார்கள். நடுக்கடலில் கடை கிடையாது. அதனால்தான் சிறப்பு உணவு வேண்டியவர்கள் முன்பே எழுதித் தர வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்கின்றன. டிக்கெட் எடுத்த கையோடு எழுதிவிடுங்கள். மிகவும் தாமதமானாலும் ஒன்றரை மாதத்துக்கு முன்னால். வெஜிடேரியன் என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், மீன்கூட வரலாம். "முட்டை, மீன், இறைச்சி வேகவைத்த சாறு, மீன் சாஸ், ஜெலட்டின் எதுவும் வேண்டாம்; பால், தயிர் சேர்ப்போம்; இந்தியச் சைவ உணவு வேண்டும்" என்று விவரமாக எழுதுங்கள். இந்தியச் சைவம் என்றால் பல பெரிய கப்பல்களின் சமையலறைக்குத் தெரியும். சமையலறையிலும் பரிமாறும் இடத்திலும் இந்தியர்கள் நிறைய பேர் வேலை செய்கிறார்கள். ஊழியர் சாப்பாட்டறையில் சோறும் பருப்பும் அனேகமாகத் தினமும் உண்டு. ஆகவே பருப்பு கப்பலில் இருக்கிறது, சமைக்கத் தெரிந்த ஆளும் இருக்கிறார். முந்தின இரவே கேட்டால் பருப்பு, காய்கறிக் குழம்பு, சாதம், சப்பாத்தி என்று மறுநாள் உங்களுக்காகவே செய்வார்கள். அப்படி ஒரு சீட்டு வரும்போது எங்களுக்கு உள்ளூர மகிழ்ச்சி. நூற்றுக்கணக்கான தட்டுகளுக்கு ஒரே மாதிரி கேரட் வெட்டிக்கொண்டிருப்பவனுக்குச் சீரகமும் பெருங்காயமும் தாளிக்கும் வாய்ப்பு என்றால் சும்மாவா.

பார்வைக்குச் சைவமாக இருந்து ஏமாற்றுபவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காய்கறி சூப்பின் அடியில் கோழிச்சாறு இருக்கலாம். சீசர் சாலட்டின் சாஸில் நெத்திலி மீன் சேரும். வூஸ்டர் சாஸிலும் அப்படியே. மூஸ், பன்னா கோட்டா போன்ற குளிர்ந்த இனிப்புகளில், விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை உண்டு, உலர்ந்த பாஸ்தாவில் பெரும்பாலும் இல்லை. பார்மசான் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் உறைய வைக்கிறார்கள். பான்கேக், வாஃபிள், மஃபின் மூன்றிலும் முட்டை.

அப்புறம் புரதம். சைவர்கள் கப்பலில் சோர்ந்துபோவதற்கு அதுதான் காரணம். வயிறு ரொட்டியால் நிறைந்திருக்கும், உடம்புக்கு ஒன்றும் போயிருக்காது. சாலட் மேசையில் வேகவைத்த கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் பெரும்பாலும் இருக்கும். ஒரு கிண்ணம் நிறைய எடுத்து, எலுமிச்சை பிழிந்து, ஆலிவ் எண்ணெய் சில சொட்டு விட்டுச் சாப்பிடுங்கள். காலையில் ஓட்ஸ் கஞ்சி, பாதாம், வால்நட், இனிப்புச் சேர்க்காத தயிர், வாட்டிய தக்காளியும் காளானும். பழம் கலந்த தயிரை விட்டுவிடுங்கள், அதில் சர்க்கரைதான் தூக்கல். நீங்கள் போவது மத்தியதரைக் கடல் என்பதால் கரையிலும் உங்களுக்குக் குறையில்லை. கிரேக்கத்தில் அவித்த பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியோடு சுட்டுத் தருவார்கள், கிகாந்தெஸ் என்று பெயர். சாந்தோரினியில் ஃபாவா என்று கேட்டால் மசித்த பருப்பு, மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். நம் பருப்புக் கடைசலைத் தின்று வளர்ந்த நாக்குக்கு அது பிடித்தே தீரும்.

சின்ன ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் என்ன?
– வாசகி, சேலம்

குக்கர் கூடாது, அம்மா. சூடேற்றும் மின்சாதனம் எதுவும் கேபினில் வைக்க விடமாட்டார்கள். கெட்டில், இஸ்திரிப்பெட்டி உட்பட. கப்பலில் தீ என்றால் ஓடிப்போக இடமில்லை என்பதால் இந்த விதியில் கண்டிப்பு அதிகம். வீட்டில் சமைத்ததையும் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. கடையில் வாங்கி முத்திரை பிரிக்காத பொட்டலங்களைப் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. பருப்புப்பொடி, பொட்டுக்கடலை, உலர்ந்த அத்தி இவை போதும். உங்கள் நிறுவனத்தின் விதியை ஒரு முறை பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர் வழியாகப் போவதானால் கசகசா எந்த வடிவிலும் வேண்டாம். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

ஜிம்முக்குப் போய்க் கஷ்டப்பட்டு எடையைக் குறைத்திருக்கிறேன். நண்பர்களோடு கப்பலில் ஐந்து நாள். பஃபேயில் என்ன செய்வது?
– வாசகர், கோவை

தம்பி, தட்டை எடுக்காமல் ஒரு முறை முழுதும் சுற்றி வா. என்னென்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு தட்டைத் தொடு. முதலில் கண்ணில் பட்டதை அள்ளிக்கொண்டு போகிறவர்களின் தட்டு, நல்ல பதார்த்தங்களை அடையும்போது நிறைந்திருக்கும். பாதித் தட்டுக்குக் காய், கால் பங்குக்கு மீனோ முட்டையோ கோழியோ, மிச்சத்தில் சோறோ உருளைக்கிழங்கோ. ஆம்லெட் போடுகிறவரிடம் நின்று எண்ணெய் குறைத்து, கீரையும் காளானும் சேர்த்துப் போடச் சொல். சாலட் நல்லது என்று நம்பி அதன் தலையில் தௌசண்ட் ஐலண்ட், ரான்ச் போன்ற கொழுப்பு மிகுந்த சாஸைக் கரண்டி கரண்டியாக ஊற்றினால் பொரித்ததைத் தின்றதற்குச் சமம்.

எடை ஏறுவது தட்டினால் மட்டும் இல்லை, கோப்பையினாலும்தான். பானங்களுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் திட்டத்தை நண்பர்கள் எடுத்தால், கட்டிய காசு வீணாகக் கூடாது என்று நாள் முழுக்கக் குடிப்பார்கள். 330 மில்லி கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளுக்கே 25 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. காலையில் இலவசமாகப் பிடித்துக் குடிக்கும் பழச்சாறும் இதற்கு விதிவிலக்கில்லை. ஆரஞ்சை உரித்துத் தின்றுவிடு. குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பயப்படாதே. கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ சவ்வூடு வடிகட்டியோ கப்பலிலேயே செய்கிறார்கள், அல்லது துறைமுகத்தில் நிரப்புகிறார்கள். இரண்டையும் சோதித்துத்தான் விடுவார்கள். லிஃப்டை மறந்துவிட்டுப் படியேறு. பன்னிரண்டு, பதினைந்து தளம் உள்ள கப்பலில் அதுவே தனி ஜிம்.

மகளோடு சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகிறேன். கப்பலில் கூட்டம் கூட்டமாக வாந்தி, பேதி வருவதாகச் செய்தியில் படித்தேன். பஃபே பக்கமே போகக் கூடாதா?
– வாசகி, சென்னை மயிலாப்பூர்

போகலாம் அம்மா, கையைக் கழுவிவிட்டு. அந்த வாந்தி, பேதிக்குப் பெரும்பாலும் நோரோவைரஸ் காரணம். ஒருவர் கையிலிருந்து பதார்த்தம் எடுக்கும் இடுக்கிக்கும், இடுக்கியிலிருந்து அடுத்தவர் கைக்கும் பரவும். வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் ஜெல் அதை நம்பும்படி அழிப்பதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீருமாக 20 விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் வழி. எல்லாரும் தொட்ட இடுக்கியைத் தொட்ட பிறகு ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்னாதீர்கள். எழுந்துபோய் மறுபடி கழுவிவிட்டு உட்காருங்கள், அல்லது முள்கரண்டியால் சாப்பிடுங்கள்.

சூடான பதார்த்தத்தில் ஆவி பறக்க வேண்டும், குளிர்ந்தது தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக எது இருந்தாலும் வேண்டாம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 86க்குக் குறைந்தால் தோல்வி. அந்த நாளில் சமையலறையில் எத்தனை பதற்றம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதற்றம் நல்லது. மதிப்பெண்ணை வெளிப்படையாகவே போடுகிறார்கள், மகளிடம் உங்கள் கப்பலின் பெயரைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அலாஸ்கா என்றால் சால்மன் மீன் நன்றாகக் கிடைக்கும். நீங்கள் மீன் சாப்பிடுபவரானால் வாட்டித் தரச் சொல்லி எலுமிச்சையோடு சாப்பிடுங்கள். அதைவிட உடம்புக்கு நல்ல சாப்பாடு அந்தக் கப்பலில் இருக்காது.

எங்கள் மகனுக்கு ஏழு வயது. வேர்க்கடலை ஒவ்வாமை. கப்பலில் போகத் துணியலாமா?
– வாசகி, சிங்கப்பூர்

துணியலாம், ஆனால் பஃபேயை அவனுக்கு முழுதாக விலக்கிவிடுங்கள். அங்கே வேர்க்கடலை அரைத்துச் செய்யும் சாத்தே சாஸில் தோய்ந்த கரண்டி அடுத்த பாத்திரத்துக்குப் போவதை எந்தச் சமையல்காரராலும் தடுக்க முடியாது. டிக்கெட் எடுக்கும்போதே ஒவ்வாமையை எழுதுங்கள். ஏறிய அன்று மாலையே, கூட்டம் சேரும் முன், டைனிங் ஹாலில் ஹெட் வெயிட்டரைப் பார்த்து நேரில் சொல்லுங்கள். ஒவ்வொரு இரவும் மறுநாளைக்கு அவனுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டால், தனிப் பலகை, தனிச் சட்டியில் சமைப்பார்கள். ஒவ்வாமைச் சீட்டு வந்தால் கையுறை மாற்றி, மேசையைத் துடைத்து, மூடிய தட்டாகத்தான் அனுப்புவோம். வெயிட்டர் மாறினால் மறுபடி சொல்லுங்கள். எத்தனை முறை சொன்னாலும் தொல்லை என்று யாரும் நினைக்கமாட்டார்கள். இனிப்புப் பிரிவில் கூடுதல் கவனம் வேண்டும், அங்கே கொட்டைத்தூள் மிதக்கும். மருத்துவர் எழுதித் தந்த அவசர மருந்து கேபினில் இருந்து பயனில்லை, நீச்சல் குளத்துக்குப் போனாலும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ரத்தக்கொதிப்பு உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் போவதாகக் கேள்விப்பட்டேன். நம் சாப்பாடே கிடைக்கும் என்பதால் கவலை இல்லை அல்லவா?
– வாசகர், மதுரை

ஐயா, 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று எம்பிரஸ் கப்பல் புறப்பட்டபோது நானும் மகிழ்ந்தேன். அடுத்த பருவத்தில் எப்போது, எந்த வழியில் போகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் சாப்பாடு என்பதால் கவலையை விட்டுவிட முடியாது. இந்தியப் பயணிகளுக்கான பஃபேயில் பூரி, பனீர் பட்டர் மசாலா, பிரியாணி, ஊறுகாய், அப்பளம் வரிசையாக நிற்கும். உப்பு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அப்பளமும் சூப்பும் சேர்ந்தால் ஒரு வேளையிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். இட்லி, தயிர், வெள்ளரி, ரசத்துக்குப் பதில் மோர் என்று அமைத்துக்கொள்ளுங்கள். பருப்பைத் தாளிக்கும் முன், உப்புக் குறைத்து ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் வந்து தமிழில் கேட்டால் மறுக்கும் சமையல்காரரை நான் கண்டதில்லை.

கப்பல் ஆடினால் எனக்குச் சாப்பாடே இறங்காது. வெறும் வயிற்றோடு இருந்துவிடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

வெறும் வயிறு இன்னும் மோசம், மகளே. உப்பு பிஸ்கட், பச்சை ஆப்பிள், இஞ்சித் தேநீர் மூன்றையும் கேளுங்கள். கடல் கொந்தளிக்கும் நாளில் ஊழியர்களும் இவற்றைத்தான் சாப்பிடுகிறோம். பொரித்ததும் பாலேட்டில் செய்ததும் அன்று வேண்டாம். சாப்பிட்டவுடன் படுக்காமல் திறந்த தளத்தில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். கேபின் இன்னும் முடிவாகவில்லை என்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு.